வந்த வியாபாரி மீண்டும் வருவாரா? யிவு நகரம் சொல்லும் பாடம்

வெளிநாட்டு வர்த்தகர்களை நமது ஊர்களுக்கு வரவழைக்க வேண்டும் என்று பேசாத மேடை இல்லை. பேசுபவர்கள் எல்லோரும் வரிச் சலுகை, காணி, கட்டடம் என்றே கேட்கிறார்கள். ஒரு முறை வந்தவர் மறுமுறையும் வருவதற்கு இவை மட்டும் போதுமா? சீனாவின் யிவு நகரத்தில் சரக்கு எடுத்துப் பழகிய நம்மவர்களுக்கு இதற்கான பதில் ஓரளவு தெரிந்திருக்கும்.

யிவு, செஜியாங் மாகாணத்தில் ஷங்ஹாயிலிருந்து சுமார் 300 கிலோமீற்றர் தொலைவில், உள்நாட்டில் இருக்கிறது. கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. அங்குள்ள ஏழை விவசாயிகள் மிட்டாயைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று, அதற்குப் பதிலாகக் கோழி இறகு வாங்கி வந்து பிழைத்தவர்கள். 1982இல் அப்பகுதியின் கட்சிச் செயலாளராக இருந்த ஸியே கவ்ஹுவா, தெருவோர வியாபாரத்தைத் துரத்துவதை விட்டு, அதற்கு அனுமதி வழங்கினார். அந்த ஆண்டு செப்டம்பரில் சுமார் 700 சிறு கடைகளோடு சந்தை ஆரம்பமானது. இன்று அங்குள்ள சர்வதேச வர்த்தக நகரில் ஏறத்தாழ 75,000 கடைகள் உள்ளன. ஊசி, பொத்தான் முதல் தஸ்பீஹ் மணி, தொழுகை விரிப்பு வரை அங்கே கிடைக்காத சாமான் குறைவு.

கடை கட்டியதால் மட்டும் உலகம் அங்கே போகவில்லை. சின்ன வியாபாரிக்கும் அங்கே மரியாதை இருக்கிறது. முப்பது கடைகளில் இருபது பெட்டி வீதம் எடுத்தாலும், எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்தில் சேர்த்து, ஒரே கொள்கலனில் ஏற்றித் தர ஆட்கள் இருக்கிறார்கள். இதில் ஒரு சிக்கலும் இருந்தது. சிறு கடைக்காரரிடம் ஏற்றுமதிக்குத் தேவையான வரி விலைப்பட்டியல் இருப்பதில்லை. 2013இல் பரீட்சார்த்தமாகவும் 2014இல் முறைப்படியும் இதற்கென்றே தனியொரு சுங்க நடைமுறை கொண்டுவரப்பட்டது. ஒரு பிரகடனத்துக்கு 150,000 டொலர் வரையான கலப்புச் சரக்கை, பெறுமதி சேர் வரி இல்லாமல் அதன் கீழ் ஏற்றலாம். வியாபாரம் எப்படி நடக்கிறதோ, அதற்கேற்பச் சட்டத்தைத் தைத்தார்கள்.

அடுத்தது மனிதர்கள். அரபிகள், ஆபிரிக்கர்கள், இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள் என்று பல நாட்டவர் அங்கே குடும்பத்தோடு தங்கித் தொழில் செய்கிறார்கள். பழைய பட்டுத் தொழிற்சாலை ஒன்று பள்ளிவாசலாக மாறி, ஜும்ஆவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். ஹலால் உணவுக்கு அலைய வேண்டியதில்லை. நகர சபைக் கூட்டங்களுக்கு வெளிநாட்டு வணிகர்களைப் பார்வையாளர்களாக அழைத்து, அவர்களது குறைகளைக் கேட்கும் வழக்கமும் உண்டு.

யிவுவுக்குக் கெட்ட பெயரும் வந்ததுண்டு. 2011 டிசம்பரில், முதலாளி கடனைக் கட்டாமல் மறைந்துவிட, அவரிடம் வேலை செய்த இரண்டு இந்தியர்களை உள்ளூர் வியாபாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 2012 ஜனவரியில் இந்தியத் தூதரகம், யிவுவில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்று தன் நாட்டவரை எச்சரித்தது. ஒரு சந்தை ஊருக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்க முடியும்? 2013இல் அங்கே வெளிநாட்டவர் தொடர்பான பிணக்குகளுக்கென இணக்க சபையொன்று அமைக்கப்பட்டது. அதன் சிறப்பு, இணக்கம் பேசுபவர்களில் அங்கேயே தொழில் செய்யும் பல நாட்டு வணிகர்களும் இருப்பதுதான். தன் மொழி பேசும், தன் தொழில் தெரிந்த ஒருவர் முன்னால் முறையிடலாம். கட்டணமும் இல்லை.

இதை நம் நாட்டில் பொருத்திப் பாருங்கள். பேருவளை சீனன்கோட்டை மாணிக்கச் சந்தைக்குத் தாய்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் கொள்வனவாளர்கள் வருகிறார்கள். வாங்கிய கல் சூடாக்கப்பட்டதா இல்லையா என்று பிறகு தகராறு வந்தால் அந்த மனிதர் யாரிடம் போவார்? அழைத்து வந்த தரகரிடம்தான். அந்தத் தரகரே விற்றவர் பக்கம் சாய்ந்துவிட்டால்? அவர் சண்டை பிடிக்கமாட்டார். அடுத்த முறை பெங்கொக்கிலேயே வாங்கிக்கொள்வார். நட்டம் ஒரு கடைக்கு அல்ல, முழு ஊருக்கும்தான். வெளிநாட்டவரின் முறைப்பாட்டைக் கேட்க எழுத்தில் உள்ள ஏற்பாடு நமது எத்தனை சந்தை ஊர்களில் இருக்கிறது?

வெளிநாட்டவருக்கு இடம் கொடுத்தால் நம் தொழிலையே பிடித்துவிடுவார்கள் என்ற பயம் சிலருக்கு உண்டு. அந்தப் பயம் வீணானதல்ல. உல்லாசப் பயண விசாவில் வந்து இரகசியமாக வியாபாரம் செய்பவரைச் சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் முறைப்படி வருபவருக்கு நீதி கிடைக்காத இடத்தில்தான் இரகசிய வியாபாரம் வளரும். ஆதரவு என்றால் கண்ணை மூடிக்கொள்வதல்ல, இரு தரப்புக்கும் ஒரே விதியை வைப்பது.

இதற்கு அரசாங்கப் பணம் தேவையில்லை. ஒவ்வொரு ஊர் வர்த்தக சங்கமும் நம்பிக்கைக்குரிய ஐந்து பேரை நியமிக்கட்டும். அவர்களில் ஒருவராவது அடிக்கடி வந்துபோகும் வெளிநாட்டு வணிகராக இருக்கட்டும். விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நிறை, விலை, தன்மை எழுதிய துண்டு ஒன்று கொடுக்கப்படட்டும். பதிவு செய்த தரகர்கள், மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் சந்தையில் தொங்கட்டும். முறைப்பாடு எதுவானாலும், வந்தவர் விமானம் ஏறுவதற்கு முன் தீர்க்கப்படட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைப் பிரேரணையாகக் கொண்டுவந்தால் போதும், காரியம் தொடங்கிவிடும்.