கலைக்களஞ்சியப் பதிவும் ஊவாத் தோட்டங்களும்: சான்றும் சர்ச்சையும் தெரிதல் பற்றிய சில குறிப்புகள்

1. தோற்றுவாய்

ஒரு சமுதாயம் தான் அறிந்தவற்றுள் எவற்றை நிலைத்த அறிவென ஏற்றுக்கொண்டுள்ளது என்பதை அதன் கலைக்களஞ்சியங்கள் காட்டும். தமிழில் இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று ஈழத்திலேயே தோன்றியது. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வந்தது. பெ. தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியற் களஞ்சியம், அறிவியற் களஞ்சியம் ஆகியவற்றை வெளியிட்டு, இப்பணியைப் பல்கலைக்கழகத்தின் கடமையாகவே ஆக்கியது.

தனியொருவர் எழுதும் நூலுக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரால் வரும் பதிவுக்கும் வேறுபாடு உண்டு. முன்னதை வாசகர் ஆசிரியரின் கருத்தாகக் கொள்வர். பின்னதை முடிந்த முடிபாகக் கொள்வர். ஆதலால் எச்சான்றை ஏற்பது, எச்சர்ச்சைக்கு இடமளிப்பது என்னும் வினாக்கள் பின்னதில் பன்மடங்கு பாரமுடையன ஆகின்றன. பதுளையும் ஊவா மாகாணத் தோட்டங்களும் பற்றி ஒரு பல்கலைக்கழகக் கலைக்களஞ்சியத்தில் பதிவொன்று எழுதப்படுமாயின் அது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

2. ஏட்டை எழுதியவர் யார்?

பதுளை பற்றிய சிறு குறிப்புகள் பலவும் ஒரே வரிசையில் அமைவன. முத்தியங்கண விகாரை, ஹொரபொரவில் கண்டெடுக்கப்பட்ட பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு, 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சி, 1886இல் ஊவா தனி மாகாணமானமை, துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டம் வாங்கியமை, 1924இல் புகையிரதம் பதுளையை வந்தடைந்தமை என்பன அவ்வரிசையில் வரும். இவற்றுள் எதுவும் பொய்யன்று; எதுவும் நீக்கப்பட வேண்டியதுமன்று. எனினும் அம்மலைகளிற் கொழுந்து பறித்த மக்கள், “தேயிலை இம்மாகாணத்தின் முக்கிய விளைபொருள்” என்ற ஒரு வாக்கியத்தினுள் மறைந்து விடுகின்றனர்.

இதற்குக் காரணம் பதிவாளரின் தீய நோக்கம் என்று நாம் கருதவில்லை. கையிற் கிடைக்கும் ஏடுகளின் இயல்பே காரணமாகும். அரசாங்க அதிபர்களின் நிர்வாக அறிக்கைகள், துரைமார் சங்கத்தின் ஆண்டறிக்கைகள், தோட்டத்தின் பெயர், ஏக்கர், உரிமையாளர், துரை ஆகியவற்றை நிரைப்படுத்திய பெர்குசன் டிரெக்டரி முதலியன நூலகங்களிற் பேணப்பட்டுள்ளன. தொழிலாளியின் பெயர் எழுதப்பட்ட ஏடுகளும் உள்ளன. ஆயின் அவை அவனுடைய வேலையையோ கடனையோ கணக்கிடும் பொருட்டு எழுதப்பட்டவை. 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில், அவன் தோட்டம் மாறும்போது கொண்டு சென்ற தாள் அவனது கடனைக் கூறிற்றேயன்றி அவனைப் பற்றி வேறெதுவும் கூறவில்லை. செக்ரோலில் ஒரு பெண்ணுக்கு ‘அரைப்பேர்’ விழுந்திருப்பின், அன்று அவளுக்கு அரைநாட் கூலியே கிடைத்தது என்பதை அறியலாம். அவள் நோயுற்றிருந்தாளா, மழை பெய்ததா, கொழுந்து நிறை குறைந்ததா, கணக்கப்பிள்ளையோடு பிணங்கினாளா என்பதை அறிய முடியாது.

எனவே பதிவாளர் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி இதுவாகும்: ஏடுகளின் மிகுதி வேறு, அவற்றின் தகுதி வேறு. ஒருபக்கத்து ஆவணம் நூறு கிடைத்தாலும் அது ஒருபக்கத்துச் சான்றே. நூறு ஆவணங்களும் ஒரே காரியாலயத்திற் பிறந்தனவாயின் அவற்றை ஒரு சாட்சியாகவே எண்ணுதல் வேண்டும்.

3. எண்களின் பிறப்பு

எண்கள் நடுநிலையானவை என்னும் எண்ணம் கலைக்களஞ்சியத்தாரிடையே வலுவாக உண்டு. 1840களில் மன்னார்க் கரையிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தோரின் மரணத் தொகையை நோக்குவோம். அவர்களுள் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நால்வருள் ஒருவர், மாண்டனர் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. இவ்வெண் பின்வந்த நூல்கள் பலவற்றில் எடுத்தாளப்பட்டது. ஆயின் இவ்வகை மதிப்பீடுகள் பிணங்களை எண்ணிப் பெறப்பட்டவையல்ல. வந்தோர், திரும்பினோர், தோட்டங்களில் எஞ்சினோர் ஆகியோரின் தொகைகளைக் கூட்டியும் கழித்தும் பெறப்பட்டவை. ஒருவனே பல முறை வந்து போயின் பலராக எண்ணப்படுவான். கணக்கிற்படாத கரையில் தோணியேறியவன் இறந்தோருள் சேர்க்கப்படுவான்.

இவ்வையம் காரணமாக எண்ணை விட்டுவிடுவது முறையாகாது. விட்டுவிடின் அம்மரணங்களே நிகழாதவை போலாகும். ஐயமின்றி அதனை எழுதிவிடுதலும் முறையன்று. “1849இல் ஒரு கொழும்புப் பத்திரிகை இவ்வாறு மதிப்பிட்டது, வரவு செலவுத் தொகைகளின் குறைபாடு காரணமாகத் துல்லியமான எண் பெறுதற்கில்லை, மரணம் மிகப் பெருந்தொகையினது என்பதில் ஐயமில்லை” என மூன்று சிறு வாக்கியங்களில் உண்மையைக் கூறிவிடலாம். எண்ணோடு எண்ணியவனையும் சேர்த்துக் கூறுதலே நேர்மையாகும்.

மக்களின் பெயரும் இத்தகையதே. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு பிரிவுகளை வகுத்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பதுளை மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 18 சதவீதத்தினர் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டனர். நான்கைந்து தலைமுறையாக ஊவாவிற் பிறந்து வாழ்வோர் பலர் தம்மை மலையகத் தமிழர் என்றே அழைத்துக்கொள்கின்றனர். தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டோரும் உளர். அட்டவணையில் மதிப்பாளரின் சொல்லையும், விளக்கத்தில் மக்கள் தம்மைக் குறிக்கும் சொல்லையும் ஆள்வதே தக்கது. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பதிவு மறைத்தலாகாது.

4. வெவெஸ்ஸ வேலைநிறுத்தம்

ஒரு நிகழ்ச்சியைப் பகைத்தரப்பினர் இருவரே எழுதி வைத்திருப்பின் யாது செய்வது? பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசார் சுட்டதனால் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அச்சம்பவம் விசாரணைக்கும் அரசியல் நெருக்கடிக்கும் இடமளித்ததால் வரலாற்று நூல்களில் நிலைபெற்றது. சில மாதங்களின் பின் நிகழ்ந்த வெவெஸ்ஸ வேலைநிறுத்தத்தை அறிந்தோர் சிலரே.

அவ்வேலைநிறுத்தத்தில் லங்கா சமசமாஜக் கட்சிச் சார்பான தொழிற்சங்கம் முன்னின்றது. தொழிலாளர் தேர்ந்தெடுத்த சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்தத் துரை இசைந்தார் என்றும், ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் என்றும், பெருவெள்ளத்தால் அப்பகுதி துண்டிக்கப்பட்டிருந்த வேளையில் பொலிஸ் அடக்குமுறையால் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது என்றும் லெஸ்லி குணவர்த்தன எழுதிய கட்சி வரலாறு கூறும். அரசாங்கத்தாரும் தோட்ட முதலாளிகளும் அக்காலத்து வேலைநிறுத்தங்களைக் கலகமாகவே நோக்கினர். அவ்வாண்டு ஜூனில் சமசமாஜத் தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர்.

கட்சி வரலாறு பக்கச்சார்பானது என்று கூறி அதனைத் தள்ளுவோமாயின், பொலிசாரின் அறிக்கையைப் பக்கச்சார்பற்றதென ஏற்றவர் ஆவோம். முற்போக்காளரின் நூல் என்பதனால் அதனை அப்படியே ஏற்பதும் ஆராய்ச்சியன்று. இரு தரப்பினரும் ஒப்புக்கொள்பவற்றை, அதாவது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது, பொலிசாரோடு மோதல் ஏற்பட்டது, அது அடக்கப்பட்டது என்பவற்றை, நிகழ்ச்சியாகக் கூறுதல் வேண்டும். ஒரு தரப்பினர் மட்டும் கூறுவதை அவர் கூற்றாகக் கூறுதல் வேண்டும். தோட்டத் தொழிலாளர் 1940இல் நிர்வாகத்தில் பங்கு கோரினர் என்பது இந்நாட்டுத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் சிறு செய்தியன்று. கூற்றாகவேனும் அது பதிவில் இடம்பெறாவிடின், அம்மக்கள் எக்காலத்தும் வாய்பேசாது உழைத்தவர் என்னும் பொய்யே எஞ்சும்.

5. இடம்பெறத்தக்க சர்ச்சை எது?

எல்லாச் சர்ச்சைகளையும் ஏற்கும் பதிவு நாளிதழாகிவிடும். எதனையும் ஏற்காத பதிவு விளம்பரத் துண்டாகிவிடும். சர்ச்சையைத் தெரிதற்கு இரு வினாக்களை நாம் முன்வைக்கின்றோம். அது மக்களின் நிலையை மாற்றிற்றா? அதனை அறியாது பிறிதொரு செய்தியை விளங்கிக்கொள்ள முடியுமா?

பிரசாவுரிமை பற்றிய சர்ச்சை முதல் வினாவிற்கே விடையளிக்கின்றது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின், 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வதிந்தமையைக் காட்ட வேண்டியிருந்தது. ஏடு எழுதும் வாய்ப்பே இல்லாதிருந்த ஒரு சமுதாயத்திடம் ஏடு கேட்கப்பட்டது. 1964 அக்டோபர் உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பட்ட பேச்சுக்கு விட்டது. 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் இவ்வத்தியாயம் பெருமளவு முடிவுற்றது. “சான்றில்லை” என்னும் இரு சொற்கள் தோட்ட மக்களின் வாழ்வில் விளைத்ததை அறிந்த எந்தப் பல்கலைக்கழகமும், அச்சொற்களைச் சொல்லி அவர்களைத் தன் பதிவிலிருந்து எளிதில் நீக்கிவிடலாகாது.

வன்முறைகள் பற்றிய செய்தி அதிக நிதானத்தை வேண்டுவது. 1983 ஜூலை 27ஆந் தேதி பதுளை நகரிற் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. 1977ஆம் ஆண்டு வன்செயல்களுக்குச் சன்சோனி ஆணைக்குழு அமைந்தது. 1983ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை ஆராய ஓர் உண்மை ஆணைக்குழு 2001இலேயே நியமிக்கப்பட்டது. விசாரணை பதினெட்டாண்டு பிந்தியமையும் பதிவில் எழுதத்தக்க ஒரு செய்தியே.

2000 அக்டோபர் 25ஆந் தேதி பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் கும்பலொன்றினாற் கொல்லப்பட்டனர். 2003இல் மேல் நீதிமன்றத்தில் ஐவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். உயர் நீதிமன்றம் 2005அளவில் அனைவரையும் விடுவித்தது. கொல்லப்பட்டோர் பெரும்பாலும் தோட்ட மக்கள் அல்லர் எனக் கூறி இதனை ஊவாத் தோட்டப் பதிவிலிருந்து விலக்குவோர் இருக்கலாம். ஆயின் அக்கொலைகளையடுத்து மலையக நகரங்களில் எழுந்த எதிர்ப்பையும் பதற்றத்தையும் இந்நிகழ்ச்சியை விட்டு விளக்க முடியாது. எனவே இரண்டாம் வினாவின்படி அது இடம்பெறும். ஆனால் நீதிமன்றம் விடுவித்தோரைக் குற்றவாளிகள் என எழுதலாகாது. எவரும் தண்டனை பெறவில்லை என்பதை எழுதாது விடவுமாகாது.

மீரியபெத்தை மண்சரிவு சர்ச்சைகளின் வகையைப் பிரித்தறிய உதவும். 2014 அக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லந்தைக்கு அருகே லயங்கள் மண்ணிற் புதைந்தன. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் எனச் செய்திகள் வந்தன. பின்னர் உத்தியோகபூர்வ எண் நாற்பதிற்குள் அடங்கியது. இத்தொகைச் சர்ச்சைக்கு ஒரு வாக்கியம் போதும். அம்மலைச்சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும் மக்கள் ஏன் அங்கேயே வாழ்ந்தனர் என்பது வேறுவகைச் சர்ச்சை. அதற்கு விடை கூறத் தோட்டத்து வீடும் நிலமும் யாருடையவை, குடியிருக்கும் உரிமை வேலையோடு எவ்வாறு பிணிக்கப்பட்டிருந்தது என்பவற்றை விளக்க வேண்டும். அதற்குப் பதிவிற் பந்தி ஒன்றேனும் ஒதுக்குதல் தகும்.

6. வாய்மொழியின் இடம்

தோட்டப் பாடல்களையும் முதியோர் நினைவுகளையும் சான்றாகக் கொள்ளலாமா என்பது எஞ்சிய வினா. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப்புற நாட்டார் பாடல்களைத் திரட்டிச் சென்றதனாலேயே கங்காணியையும் துரையையும் பற்றித் தொழிலாளர் என்ன நினைத்தனர் என்பதைச் சிறிதேனும் அறிகின்றோம். பாடல் தேதியை நிறுவாது, தொகையையும் நிறுவாது. ஆயின் ஒரு முறைமையை அதற்குட்பட்டோர் எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு அதைவிட நெருங்கிய சான்று அரிது. வாய்மொழியைச் சேகரித்த இடம், காலம், சேகரித்தவர் ஆகியவை குறிக்கப்பட்டிருப்பின், அதற்குரிய எல்லையினுள் அது முழுத் தகுதி உடையது. அக்குறிப்புகள் இல்லாத வீரக்கதைகளை, அவை நமக்கு எவ்வளவு உவப்பானவையாயினும், பதிவிற் சேர்த்தலாகாது.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனில், ஊவாத் தோட்டங்கள் பற்றிய பதிவு துன்பங்களின் பட்டியலாகவோ தேயிலையின் புகழுரையாகவோ அமையத் தேவையில்லை என்பதாம். துரைமாரின் ஏடு எதைக் கூறவல்லது, கட்சியின் நூல் எதைக் கூறவல்லது, பாட்டி பாடிய பாட்டு எதைக் கூறவல்லது என்று அளந்து, ஒவ்வொன்றும் அறிந்ததை மட்டும் அதனிடம் கேட்டல் வேண்டும். எவரும் எழுதி வைக்காத இடத்தில், எழுதி வைக்கப்படவில்லை என்பதையே எழுதுதல் வேண்டும்.

அந்த எழுதப்படாத பகுதி ஆண்டுதோறும் பெருகுகின்றது. கைமாறிய தோட்டங்களின் செக்ரோல்களும் பிறப்பு இறப்பு ஏடுகளும் கறையானுக்கும் மழைக்கும் இரையாகின்றன. 1940ஐ நினைவிற்கொண்டோர் அநேகமாக மறைந்துவிட்டனர். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்தின் ஏடொன்றையோ முதியவர் ஒருவரின் வாய்மொழியையோ இடமும் காலமும் குறித்துப் படியெடுத்துத் தருவாராயின், நாளைய பதிவாளர் “சான்றில்லை” என்று கூற வேண்டிய இடங்கள் குறையும். இப்பணியைத் தொடங்குவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. தமிழ்ச் சங்கங்கள் இதனைத் தம் பொறுப்பாக ஏற்றல் வேண்டும் என்பது நமது வேண்டுகோள்.