உருகாத உலோகமும் எரியுமா?

விரிசல் கண்ட குண்டு பல்புக்கு மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும்? இழை ஒரு கணம் பளிச்சென ஒளிர்ந்து, வெண்புகை கக்கி அறுந்துவிடும். அந்த இழை டங்ஸ்டன். அதன் உருகுநிலை 3422° செ.; உலோகங்களில் இதுவே மிக உயர்ந்தது. ஆகவே இழை உருகி அழியவில்லை. உட்புகுந்த காற்றின் ஆக்சிஜனோடு கூடி எரிந்துவிட்டது.

டங்ஸ்டனின் உறவான மாலிப்டினத்தின் கதியும் இதுவே. அதன் உருகுநிலை 2623° செ. ஆயினும் காற்றில் 800° செ. வெப்பத்தைக்கூட அது தாங்குவதில்லை. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு இறுகிய போர்வையாக நின்று உலோகத்தைக் காக்கிறது. மாலிப்டினத்தின் ஆக்சைடோ 795° செ.-இல் உருகி, ஆவியாகப் பறந்துவிடுகிறது. ஒவ்வொரு கணமும் புதிய உலோகம் ஆக்சிஜனுக்கு இரையாகிறது.

பறந்துபோகாத போர்வை ஒன்றை அளிக்க முடியாதா? முடியும். ஒரு மாலிப்டினம் அணுவுக்கு இரு சிலிக்கன் அணுக்கள் சேர்ந்த டைசிலிசைடைக் காற்றில் சூடேற்றினால், அதன் மேல் சிலிக்கா கண்ணாடிப் படலமாகப் படிகிறது. இதனால் செய்த உலைத் தண்டுகள் காற்றிலேயே 1700° செ. வெப்பத்தைத் தாங்குகின்றன.

ஆனால் ஒரு விந்தை! 1955-இல் ஃபிட்சர் என்ற அறிஞர், இதே பொருள் சுமார் 500° செ.-இல் பொடிப்பொடியாக உதிர்வதைக் கண்டார். இந்த வெப்பநிலையில் சிலிக்கா மெதுவாகவே வளர்கிறது. மாலிப்டினம் ஆக்சைடோ ஆவியாகாமல், நுண்ணிய விரிசல்களில் தங்கிப் பருத்து, ஆப்பு அடித்ததுபோல் பொருளைப் பிளந்துவிடுகிறது.

இன்னொரு குறை, டைசிலிசைடு எளிதில் உடையும். உறுதிக்காக மாலிப்டினத்தைக் கூட்டிச் சிலிக்கனைக் குறைத்தால், போர்வைக்குச் சிலிக்கா போதாது. இங்கேதான் போரான் கைகொடுக்கிறது. அதன் ஆக்சைடு சிலிக்காவோடு கலந்து, நம் ஆய்வகப் பீக்கர்களின் கண்ணாடியை ஒத்த போரோசிலிகேட்டாகிறது. சூட்டில் இது இளகிப் பரவி விரிசல்களை மூடுகிறது. போரான் மிகுந்தாலும் ஆபத்தே. கண்ணாடி நீர்த்து, ஆக்சிஜனுக்கு வழிவிட்டுவிடும். ஆகவே அளவறிந்து கலப்பதே வித்தை.

இத்தனை பாடு எதற்கு? ஜெட் எஞ்சின் அலகுகளில் இன்று பயன்படும் நிக்கல் கலவைகள் ஏறத்தாழ 1350° செ.-இல் உருகத் தொடங்கும். அதைவிடச் சூடான வாயுவில் சுழலும் அவற்றைக் காற்றைச் செலுத்திக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சூட்டைத் தானே தாங்கும் அலகு கிடைத்தால் எரிபொருள் மிச்சமாகும். அதற்கு உயர்ந்த உருகுநிலை மட்டும் போதாது. மேலே நிற்கும் மெல்லிய போர்வையும் நிலைக்க வேண்டும்.