சில்லு இறங்காத ஜெட்: காற்று எங்கே போகிறது?

லண்டன் சிற்றி விமான நிலையம் 1987இல் திறக்கப்பட்டது. அங்கு இறங்கும் ஜெட்டுகளைப் பார்த்து வளரும் எமது அப்டன் பார்க் பிள்ளைகள் சிலருக்கு மொடல் விமானப் பைத்தியம் பிடிப்பதில் வியப்பில்லை. மொடல் ஜெட்டை ஏற்றுவதைவிட இறக்குவதே பெரும்பாடு. உள்ளே மடங்கிய சில்லுகளில் ஒன்று வெளியே வராவிட்டால் மாதக்கணக்காகச் சேர்த்த காசு ஒரு நிமிடத்தில் புல்லில் உரசிப் போய்விடும்.

இப்போது மின்சாரத்தால் மடங்கும் சில்லுகள் நிறைய வந்துவிட்டன. ஆயினும் கைமாறி மலிவாகக் கிடைக்கும் ஜெட்டுகள் பலவற்றில் காற்றுத்தான். சிறிய தாங்கியில் பம்பால் காற்றை அடைத்து, வால்வு வழியாக மெல்லிய குழாய்களில் விட்டு, சில்லைத் தூக்கவும் இறக்கவும் செய்கிறார்கள். இது வெறும் விளையாட்டு வித்தையன்று. 1955இல் முதன்முதலாகப் பறந்த ஒல்லாந்து நாட்டுப் ஃபொக்கர் எஃப்27 விமானத்தின் சில்லுகளும் அமுக்கிய காற்றிலேயே இயங்கின. இந்தியன் ஏர்லைன்ஸும் அதனை ஓட்டியது. அதில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 3,000 இறாத்தலுக்கு மேல். மொடலில் 100 இறாத்தல் அளவுதான்.

சில்லு இறங்காவிட்டால் உடனே புதிய பாகம் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி காற்றுக்கசிவுதான். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தையே சைக்கிள்தான் சுமந்தது. சைக்கிள் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்த அப்பாமாருக்கு இந்த வேலையை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு வித்தியாசம் மட்டும்: விமானத்துக்குள் மின்கருவிகள் இருப்பதால் தண்ணீரில் அமுக்காமல், சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் மூட்டுகளில் மட்டும் தொட்டு வையுங்கள்.

முதல்நாள் இரவே காற்றடித்து, அமுக்கமானியைக் குறித்து வைத்து, காலையில் பாருங்கள். குறைந்திருந்தால் குழாய் நுனிகளைக் கவனியுங்கள். காலப்போக்கில் அவை இறுகி, விரிந்துவிடும். கூரான பிளேட்டால் அரை அங்குலம் நேராக வெட்டி மீண்டும் மாட்டினால் அநேகமாகச் சரியாகிவிடும். அடுத்தது உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள். குளிரில் இவை விறைக்கும். தூசி பட்டால் கீறுப்படும். தயாரிப்பாளர் சொன்ன சிலிக்கன் எண்ணெய் ஒரு துளி போதும். அடுப்படி எண்ணெய் வேண்டவே வேண்டாம்!

காற்று நிற்கிறது, ஆனாலும் சில்லு சிக்குகிறதா? கையால் மடக்கிப் பாருங்கள். முன்பு பலமாக இறங்கியபோது கால் சற்று வளைந்திருக்கலாம்.

என்னைக் கேட்டால், காற்றால் தூக்கி ஸ்பிரிங்கால் இறக்கும் வகையே புதியவர்களுக்கு நல்லது. காற்று முழுவதும் போனாலும் கால் கீழே வரும். இரு பக்கமும் காற்றை நம்பும் வகையில், மேலே பூட்டிக்கொண்ட கால் அப்படியே நின்றுவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஈஸ்ற் ஹாம் சென்றல் பார்க் போன்ற இடங்கள் விமான நிலையத்தின் தடைவலயத்துள் இருப்பதால் அங்கு அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. 250 கிராமும் அதற்கு மேலும் உள்ள மொடலுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவும் வேண்டும். சொந்தக்காரராகப் பதிய 18 வயதாக வேண்டுமாதலால், அந்தப் படிவம் அப்பா அல்லது அம்மாவின் பெயரில்தான்.