பல் சிமெண்டும் பூஞ்சையும்

பல்லில் சொத்தை ஏற்பட்டால், மருத்துவர் சிதைந்த பகுதியை அகற்றி, அக்குழியைச் சிமெண்டால் அடைப்பதுண்டு. இது கட்டடம் கட்டும் சிமெண்ட் அன்று. துத்தநாக ஆக்சைடுத் தூளையும் கிராம்பு எண்ணெயின் முதன்மைப் பொருளாகிய யூஜினாலையும் குழைத்துச் செய்யும் பசை, பல் சிமெண்ட் வகைகளுள் ஒன்றாகும்.

மனிதர் பலரின் வாயில் கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பூஞ்சை தீங்கின்றி வாழ்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் குறையும்போது அது பெருகி, நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்படலமாகப் படரும். சில வேளைகளில் பல்லின் வேர்க்குழாயிலும் தங்கிவிடும். எனவே, சிமெண்ட் குழியை அடைப்பதோடு பூஞ்சையையும் தடுக்குமா என்பதை ஆய்வகத்தில் சோதிக்கின்றனர்.

முதலில், பிரெஞ்சு மருத்துவர் ரேமோன் சபுரோவின் பெயரால் வழங்கும் அகார் ஊட்டக்கூழைத் தட்டில் ஊற்றி உறையவைப்பர். அதன்மேல் பூஞ்சைக் கரைசலைப் பஞ்சுக்குச்சியால் சீராகத் தடவுவர். பின்னர்க் கூழில் சிறு குழிகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒருவகைச் சிமெண்டை நிரப்புவர். ஒப்பிடுவதற்காக ஒரு குழியில் நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தையும், மற்றொன்றில் தூய நீரையும் இடுவர். தட்டினை 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 24 முதல் 48 மணி நேரம் வைப்பர்.

பூஞ்சை வளர்ந்த இடம் வெண்மையாகத் தோன்றும். சிமெண்ட் அதனைத் தடுத்திருந்தால், குழியைச் சுற்றித் தெளிந்த வளையம் அமையும். இதுவே தடுப்பு வளையம். இதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பர். ஒரே முறை செய்து முடிவு கூறாமல், பல தட்டுகளில் செய்து சராசரி காண்பர்.

வளையம் அகன்றிருப்பதால் மட்டும் ஒரு சிமெண்ட் சிறந்ததாகிவிடாது. கூழில் எளிதில் பரவும் பொருள் பெரிய வளையம் தரும். பரவாத பொருளோ, தான் தொடும் பூஞ்சையை அழித்தாலும் வளையம் காட்டாது. ஆதலால், பூஞ்சையைச் சிமெண்டின் மீதே இட்டுப் பார்க்கும் நேரடித் தொடுகைச் சோதனையும் தேவைப்படுகிறது. மேலும், யூஜினால் மிகுந்தால் பல்லின் உள்ளே இருக்கும் உயிருள்ள திசுவுக்கும் கேடு விளையும். பூஞ்சையை அழிப்பது, பல்லைக் காப்பது ஆகிய இரண்டும் பொருந்தும்போதே சிமெண்ட் நோயாளிக்குப் பயன்படும்.

சிந்தித்து விடை எழுதுக

1. தடுப்பு வளையம் என்பது யாது?
2. ஒரு குழியில் தூய நீரை இடுவது ஏன்?
3. வளையம் தோன்றாத சிமெண்டைப் பயனற்றது எனத் தள்ளலாமா? காரணம் கூறுக.