மொட்டை மாடியில் இருந்தே சனி வளையம் பார்க்கலாம். சூரியனை பார்த்தால் கண் போய்விடும், உஷார்!

சென்னை,

பையன் ஆசைப்பட்டான் என்று சிறுக சிறுக சேர்த்த காசில் டெலஸ்கோப் வாங்குகிறார்கள். முதல் நாள் ராத்திரி குடும்பமே மொட்டை மாடிக்கு ஏறுகிறது. கண்ணை வைத்து பார்த்தால் ஒரே இருட்டு. "ஒண்ணுமே தெரியலையேப்பா" என்று பையன் உதட்டை பிதுக்குகிறான். ஒரு வாரம் கழித்து டெலஸ்கோப் பரண் மேல் போய்விடுகிறது. பல வீடுகளில் நடக்கும் கதை இது.

"சிட்டி வெளிச்சத்தில் எதுவும் தெரியாது" என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. பால்வெளி மண்டலம் சென்னையில் தெரியாதுதான். ஆனால் நிலா, வியாழன், சனி எல்லாம் நல்ல பிரகாசமானவை. தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறி தெரியும்.

பெட்டியை பார்த்து ஏமாறாதீங்க

சின்ன டெலஸ்கோப் பெட்டிகளில் "500 மடங்கு பெரிதாக காட்டும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பி காசு கொடுக்க கூடாது.

டெலஸ்கோப்பின் பலம் அதன் முன்பக்க லென்சின் அகலத்தில்தான் இருக்கிறது. அகலம் கூடினால்தான் அதிக வெளிச்சம் உள்ளே வரும். லென்ஸ் எத்தனை மில்லி மீட்டர் அகலமோ, அதைப்போல 2 பங்குதான் அதிகபட்ச மடங்கு. 60 மி.மீ. லென்ஸ் என்றால் 120 மடங்கு. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், ஆனால் கலங்கி போய்விடும்.

ஸ்டாண்டையும் ஆட்டி பார்த்து வாங்க வேண்டும். ஸ்டாண்டு ஆடினால் நிலாவும் ஆடும்.

பெரிய நம்பரை மாட்டுங்க

கண் வைக்கும் பக்கத்தில் மாட்ட 2 அல்லது 3 குட்டி லென்ஸ் கொடுப்பார்கள். அதில் 25, 10, 4 என்று நம்பர் இருக்கும். பலரும் 4-ஐ எடுத்து மாட்டுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. நம்பர் குறைய குறைய மடங்கு கூடும், பார்க்கும் இடம் சுருங்கும். அதனால்தான் இருட்டு மட்டும் தெரிகிறது.

கணக்கு ரொம்ப சுலபம். டெலஸ்கோப்பின் குவிய தூரம் 700 மி.மீ. என்றால், அதை 25-ஆல் வகுத்தால் 28 மடங்கு. 10-ஆல் வகுத்தால் 70 மடங்கு. முதலில் 25-ஐ மாட்டி பிடிக்க வேண்டும். நடுவில் வந்த பிறகு 10-க்கு மாறலாம்.

மேலே இருக்கும் குட்டி குறிபார்க்கும் குழாயையும் சரி செய்ய வேண்டும். சூரியன் மறைந்த பிறகு, இருட்டும் முன்பு, தூரத்தில் உள்ள செல்போன் டவர் உச்சியை இரண்டிலும் நடுவில் கொண்டு வந்தால் போதும்.

படம் தலைகீழாகவோ, இடம் வலம் மாறியோ தெரியும். அது கோளாறு இல்லை. ஓரிரு நிமிஷத்தில் கிரகம் நழுவி போகும். பூமி சுற்றுவதுதான் காரணம்.

முதலில் நிலா

3 லட்சத்து 84 ஆயிரம் கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் நிலாவில் குழிகளும் மலைகளும் பளிச்சென்று தெரியும். பவுர்ணமி அன்று பார்க்க கூடாது. அன்று நிழலே விழாததால் வெறும் வெள்ளை தட்டு போல இருக்கும். பாதி நிலா நாட்களில் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டை பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 இறங்கியது தெரியுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். லேண்டர் தெரியாது. அது இறங்கிய தென்துருவம் பக்கத்தை காட்டலாம்.

அடுத்து வியாழன். மின்னாமல் பளீரென்று இருக்கும். அதன் பக்கத்தில் 4 புள்ளிகள் வரிசையாக தெரியும். 1610-ல் கலிலியோ பார்த்த அதே 4 நிலாக்கள். தினமும் நோட்டில் வரைந்து வைத்தால் அவை இடம் மாறுவதை பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

சனியை பார்க்கலாமா?

கோவிலில் சனி பகவானுக்கு நேர் எதிரே நிற்க கூடாது என்பார்கள். வானத்தில் உள்ள சனி கிரகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. 70 மடங்கில் உளுந்து அளவுதான் தெரியும். ஆனால் வளையம் நிஜமாகவே தெரியும். 2025 மார்ச்சில் வளையம் பக்கவாட்டில் திரும்பி கோடு போல மெலிந்தது. இப்போது ஆண்டுக்கு ஆண்டு விரிந்து வருகிறது.

வெயிலில் காய்ந்த தளத்தின் சூடு அடங்க இரவு 9 மணியாவது ஆகும். அதற்கு முன்பு படம் கானல் போல நெளியும். தண்ணீர் தொட்டி மறைவில் நின்றால் தெருவிளக்கு கண்ணில் படாது. ஜன்னல் கண்ணாடி வழியாக பார்க்க கூடாது. மழைக்காலம் முடிந்த ஜனவரி முதல் சென்னை வானம் தெளிவாக இருக்கும்.

சென்னைக்கு இது புதிதும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வான் ஆய்வுக்கூடம் கட்டினார்கள். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி கூடி குறையும் நட்சத்திரம் ஒன்றை கண்டுபிடித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பயப்பட வேண்டியது சூரியனுக்கு

டெலஸ்கோப் வழியாக சூரியனை ஒரு நொடி பார்த்தாலும் விழித்திரை வெந்துவிடும். அங்கே வலி நரம்பு இல்லாததால் சுடுவதே தெரியாது. பார்வையின் நடுவில் கரும்புள்ளி விழுந்தால் ஆயுசுக்கும் போகாமல் நின்றுவிடலாம். சில பெட்டிகளில் கண் பக்கம் மாட்ட கருப்பு கண்ணாடி வரும். அது சூட்டில் விரிசல் விடும். அதை முதலில் தூக்கி எறிய வேண்டும்.

பிள்ளைகள் பகலில் தனியாக எடுத்து விளையாடும் ஆபத்து எப்போதும் உண்டு. எனவே பார்த்து முடித்த உடனே மூடி போட்டு, அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுவது நல்லது.