அம்புக்கு இறகு எங்கிருந்து?

அம்பு என்பது மூன்று உறுப்புகளால் ஆயது: முன்னே முனை, நடுவே தண்டு, பின்னே இறகு. முனையின் கூர்மையையும் தண்டின் நேர்மையையும் பாராட்டுவோர் பலர். இறகின் பணியை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும் இறகில்லாத அம்பு குறி தவறாமல் செல்வது அரிது. அந்த இறகை எந்தப் பறவையிடமிருந்து பெறுவது என்னும் கேள்வி, மேற்குத் தொடர்ச்சி மலையை அடுத்து வாழ்வோர்க்கு வெறும் கைவேலைக் கேள்வியன்று. சட்டமும், உடல்நலமும், பறவையினத்தின் வாழ்வும் அதனோடு பிணைந்துள்ளன.

பறவைகள் மலிந்த எல்லைப்புறம்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. எனினும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிச் செல்லும் ஆனைமலைத் தொடர் இரண்டையும் இணைக்கின்றது. ஒரு பக்கம் நெல்லியாம்பதியும் பறம்பிக்குளமும். மறுபக்கம் மறையூரும் சின்னாரும் இரவிகுளமும். 1933-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய்ந்த சாலிம் அலி, மறையூரிலும், பறம்பிக்குளம் காட்டிலுள்ள குரியார்குட்டியிலும் தங்கித் தம் பணியைச் செய்தார். பாலக்காடு மாவட்டத்துச் சூலனூரிலுள்ள மயில் சரணாலயம், பறவையியல் அறிஞர் கே. கே. நீலகண்டனின் நினைவைத் தாங்கி நிற்கின்றது.

இத்தகைய இடத்தில் காட்டுப் பாதையோரம் உதிர்ந்து கிடக்கும் இறகைக் காணும் சிறுவன், அதைப் பொறுக்கிப் பையில் இட்டுக்கொள்வது இயல்பே. மூங்கிலால் வில் செய்து விளையாடும் வயதில், அந்த இறகை அம்பில் கட்டவும் அவன் விரும்புவான். அவனுக்கு விடை கூற வேண்டியவர்கள் ஆசிரியரும் களப்பணியாளருமே ஆவர்.

இறகு செய்யும் வேலை

அம்பின் எடை முனைப்பக்கம் மிகுந்திருக்கும். காற்றின் தடையோ இறகு உள்ள பின்பக்கத்தில் மிகுந்திருக்கும். பறக்கும் அம்பு சற்றே திரும்பினால், பின்பக்கத்து இறகின்மேல் காற்று பக்கவாட்டில் மோதி, அதனைப் பழைய திசைக்கே தள்ளுகின்றது. இறகைச் சிறிது சாய்த்துப் பொருத்தினால் அம்பு சுழன்று செல்லும். அதனால் அதன் போக்கு மேலும் உறுதிப்படும்.

இதற்கு இறகின் அமைப்பே துணை செய்கின்றது. நடுத்தண்டின் இருபுறமும் இழைகள் கிளைக்கின்றன. ஒவ்வோர் இழையிலும் நுண்ணிழைகளும், அவற்றில் கண்ணுக்குப் புலனாகாத கொக்கிகளும் உள்ளன. கொக்கிகள் அடுத்த இழையைப் பற்றிக்கொள்வதால் இறகு ஒரே தகடு போல் நிற்கின்றது. பிரிந்த இழைகளை விரலால் நீவினால் அவை மீண்டும் ஒட்டிக்கொள்ளும். வில்லை உராயும்போது மடங்கி, உடனே நிமிரும் தன்மையும் இறகுக்கு உண்டு.

மயில்தோகை அழகியதாயினும் இப்பணிக்கு ஏற்றதன்று. அதன் இழைகள் தனித்தனியே தளர்ந்து நிற்பதால் காற்றைத் தாங்கும் தகடாக அமைவதில்லை. அம்புக்கு வேண்டுவது சிறகிலுள்ள பறப்பிறகே ஆகும்.

பண்டை வழக்கும் இன்றைய நிலையும்

பாரதம் முதலிய வடமொழி இதிகாசங்களில் கழுகிறகு பொருந்திய அம்புகள் பேசப்படுகின்றன. இங்கிலாந்தின் வில்வீரர் வாத்தினத்தின் பெரும் பறவையாகிய கூஸின் இறகை விரும்பினர். வயநாட்டுக் குறிச்சியர் வில்வித்தையில் பெயர் பெற்றவர்கள். பழசி ராஜாவின் பக்கம் நின்று 1802-ஆம் ஆண்டில் பனமரம் கோட்டையைத் தாக்கியவர்களும் அவர்களே.

அன்று வானில் நிறைந்திருந்த பிணந்தின்னிக் கழுகுகள் இன்று மிக அருகிவிட்டன. 1990-களில் இந்தியாவில் அவற்றின் முக்கிய இனங்கள் 95 சதவீதத்திற்கு மேல் அழிந்தன. கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே அதற்குத் தலையாய காரணம். கால்நடை மருத்துவத்தில் அதன் பயன்பாடு 2006-இல் தடை செய்யப்பட்டது. முன்னோர் பயன்படுத்திய இறகு என்பதனாலேயே இன்று அதனை நாடுதல் பொருந்தாது.

இந்தியாவிலிருந்து காட்டுப் பறவை இறகுகளை ஏற்றுமதி செய்வது 1902-இலேயே தடுக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட காட்டுயிரின் இறகையும் அவ்வுயிரின் பகுதியாகவே கருதுகின்றது. அத்தகைய பொருள் அரசின் உடைமை. அது கைக்கு வந்தால் 48 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ உரிய அதிகாரிக்கோ தெரிவித்தல் வேண்டும். சரணாலயத்திலிருந்து அனுமதியின்றி எதனையும் அகற்றலாகாது. தேசியப் பறவையாகிய மயிலின் தோகைக்கு மட்டும் வணிகம் பற்றிய விதிகளில் விலக்கு உண்டு. அந்த விலக்கு மயிலின் சிறகுக்கோ, இருவாச்சி, பருந்து, ஆந்தை ஆகியவற்றின் இறகுக்கோ பொருந்தாது. ஒருவன் கையிலுள்ள இறகு உதிர்ந்ததா, கொன்று பறித்ததா என்பதைப் பின்னர் தெளிவாக அறிவது கடினம். இவ்விதிகளின் பயன் இதனால் விளங்கும்.

வீட்டுப் பறவையே போதும்

காட்டு இறகுக்கு மாற்று எளிதிற் கிடைக்கின்றது. இன்று மரபுவழி வில்லாளர் உலகெங்கும் பெரிதும் பயன்படுத்துவது பண்ணை வான்கோழியின் சிறகிறகையே. அது கிடைக்காவிடத்து கூஸ் இறகோ, வாத்திறகோ, பெரிய சேவலின் சிறகிறகோ சிறு அம்புக்குப் போதுமானது. பாலக்காட்டு நெல்வயல்களில் அறுவடைக்குப் பின் வாத்து மேய்ப்போர் வருவதுண்டு. வாத்துகள் ஆண்டுதோறும் இறகு உதிர்ப்பவை. நோயுற்ற அல்லது இறந்த பறவையின் இறகை மட்டும் எடுக்கலாகாது. கேரளத்தில் 2014 முதல் பன்முறை பறவைக் காய்ச்சல் தோன்றியுள்ளமை நினைவிற்குரியது.

செய்முறை பின்வருமாறு:

1. இறகுகளைச் சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் உலர்த்துக. பின் கைகளைக் கழுவுக.
2. ஓர் அம்பின் மூன்று இறகுகளும் ஒரே பக்கச் சிறகினவாக இருத்தல் வேண்டும். இடச்சிறகு இறகையும் வலச்சிறகு இறகையும் கலத்தல் ஆகாது.
3. பெரியவர் ஒருவர் கூரிய கத்தியால் நடுத்தண்டை நீளவாக்கில் பிளந்து, அகன்ற பக்கத்தை மட்டும் எடுத்து, அடியை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்க.
4. 10 சென்டிமீட்டர் நீளமாக மூன்று துண்டுகள் வெட்டுக.
5. நாண் பதியும் வெட்டிலிருந்து 3 சென்டிமீட்டர் விட்டு, தண்டைச் சுற்றி 120 பாகை இடைவெளியில் பசையிட்டு ஒட்டுக. ஓர் இறகு வெட்டுக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். இழைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.
6. இரு நுனிகளையும் நூலால் இறுகச் சுற்றுக. முன்நுனி மழமழப்பாக இல்லாவிடில் கையைக் கிழிக்கும்.

வகுப்பறைச் சோதனை

வில்லின்றியே இறகின் பயனை மாணவர்க்குக் காட்டலாம். ஒரே அளவான இரு மெல்லிய மூங்கிற் குச்சிகளின் முன்நுனியில் சம எடையுள்ள களிமண் உருண்டைகளைப் பொருத்துக. ஒன்றில் மட்டும் இறகு ஒட்டுக. ஆளில்லாத திசையில், ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள மணல்மூட்டையை நோக்கி இரண்டையும் பலமுறை எறிந்து, எது நேராகச் சென்று முனையால் படுகிறது என மாணவரையே குறிக்கச் செய்க. கூர்முனை வைக்க வேண்டியதில்லை.

களப்பணியாளர் காட்டில் காணும் இறகை எடுக்காமல், அளவுகோலை அருகில் வைத்து ஒளிப்படம் எடுத்து, இடமும் நாளும் குறித்துக்கொண்டால், அங்கு எப்பறவை வாழ்கின்றது என்பதற்கு அது சான்றாகும். பறவைகள் கூட்டமாக இறந்து கிடந்தால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் கடமை.

வீட்டு முற்றத்து வான்கோழியின் இறகும், மலையுச்சியில் வட்டமிடும் பருந்தின் இறகும் அம்புக்குச் செய்யும் வேலை ஒன்றே. இதனைத் தன் கையால் செய்து அறிந்த சிறுவன், பருந்தின் இறகைப் பருந்திடமே விட்டுவைப்பான்.