காயலான் கடைக்குப் போன செல்போன்

டெல்லியின் வடகிழக்கே சீலம்பூர். கழித்துக் கட்டிய கணினிகளும் செல்போன்களும் வந்து குவியும் சந்தை. சர்க்யூட் போர்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுகிறார்கள். பற்றவைத்த ஈயம் இளகியதும் சில்லுகளைத் தட்டி உதிர்க்கிறார்கள். பிறகு அமிலத் தொட்டி. செம்பும் துளியளவு தங்கமும் கைக்கு வரும். மீந்த அமிலம் சாக்கடைக்குப் போகும். கையுறை, முகமூடி பெரும்பாலும் கிடையாது.

பழைய போர்டுகளில் பற்றவைக்கும் ஈயம் என்பது 63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இதற்குத் தடை போட்டது. ஆனால் அதற்கு முன் செய்த பொருள்கள் இன்னும் குப்பைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. காரீயத்தைக் கால்சியம் என்றே நம் உடல் எடுத்துக்கொள்ளும். எலும்பில் சேர்த்தும் வைக்கும். வாய்வழி உள்ளே போகும் காரீயத்தில், பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு குழந்தைகள் உடம்பில் சேரும். மூளை வளர்கிற வயதில் அது செய்யும் கேட்டைப் பின்னால் எந்த மருந்தாலும் சரிசெய்ய முடியாது. செம்புக்காக ஒயரை எரித்தால், அதன் பி.வி.சி. உறையிலுள்ள குளோரினிலிருந்து டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு வேறு பிறக்கிறது.

டிஜிட்டல் பொருளாதாரம் காகிதத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்துவது உண்மைதான். ஆனால் 2022இல் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதமே. நமது சேமிப்பின் செலவை யாரோ ஒரு பிள்ளையின் இரத்தத்தில் எழுதுகிறோம்.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்திய விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைக்கின்றன. நல்லது. ஆனால் பதிவுபெற்ற ஆலைகளுக்கு வெளியே பிரித்தெடுக்கும் கைகளுக்கு என்ன வழி? எந்தத் திருகைக் கழற்றினால் எது வரும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பிரிக்கும் வேலையைக் கூலியோடும் பாதுகாப்போடும் அவர்களுக்கே கொடுத்து, நெருப்பையும் அமிலத்தையும் மட்டும் ஆலைக்கு மாற்றுவதே நியாயம்.

ஒரு செல்போனால் வெளியாகும் கார்பனில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன், தயாரிப்பிலேயே வெளியாகிவிடுகிறது. ஆகவே உடைந்த திரையை மாற்றுங்கள்; உப்பிய பேட்டரியை உடனே மாற்றுங்கள். சென்னை ரிச்சி தெருவில் அதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இனி முடியாது என்றான பிறகு, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள்.